வீட்டுப் பிரிண்டரில் சரியான நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் மணிவிழாவில் எடுத்த படம் ஒன்றை வீட்டிலேயே அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டேன். அம்மாவின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் வந்தது. அப்பாவின் முகத்தில் பச்சை படிந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் போலத் தெரிந்தார். ஸ்லைடர்களை இப்படியும் அப்படியும் நகர்த்தி 16 கிளாஸி தாள்களை வீணாக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. மெஜந்தா என்ற ஆழ்ந்த ரோஜா நிற மை பாதிதான் இறங்கிக்கொண்டிருந்தது. திரை முழு வெளிச்சத்தில் எரிந்தது. படம் திருத்தும் மென்பொருளும், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான பிரிண்டர் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. அதற்குப் பின் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவை இங்க்ஜெட், இங்க் டேங்க் பிரிண்டர்களை மனத்தில் வைத்து எழுதியவை.

திரையில் ஒரு நிறம், தாளில் வேறொரு நிறம். பிரிண்டர் பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. திரை தானே ஒளிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளும் முழுமையாகச் சேர்ந்தால் வெள்ளை. தாள் அப்படியல்ல, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மிச்சம்தான் நம் கண்ணுக்கு நிறமாக வந்து சேர்கிறது. சியான் என்ற பசுநீல மை சிவப்பை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும், மஞ்சள் நீலத்தை விழுங்கும். வெள்ளை மை என்று ஒன்று வீட்டுப் பிரிண்டரில் கிடையாது. தாளின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. ஆகவே தாளைவிடப் பிரகாசமான எதையும் பிரிண்டரால் காட்ட முடியாது.

திரை காட்டும் சில நிறங்கள் மைக்கு எட்டாது. கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, ஆழ்ந்த நீலம், ஒளிரும் ஆரஞ்சு ஆகியவை முதலில் அடிபடும். மறுபக்கமும் உண்டு: நல்ல கிளாஸி தாளில் விழும் சியானிலும் மஞ்சளிலும் சில சாயல்கள் சாதாரணத் திரைக்கு எட்டாதவை. எனவே இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகாது. முகம் முகமாக, சாம்பல் சாம்பலாக, புடவை அந்தப் புடவையாகத் தெரிந்தால் நாம் கேட்டது கிடைத்துவிட்டது. அது வீட்டிலேயே முடிகிற காரியம்தான்.

எதிலிருந்து தொடங்குவது?

மை இறங்கும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக்கிலிருந்து. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிரிண்டரின் ‘மெயின்டனன்ஸ்’ பகுதியில் இருக்கும். சாதாரணத் தாளில் ஒவ்வொரு மைக்கும் மெல்லிய கோடுகள் அடுக்காக விழும். ஒரு கோடு அறுந்திருந்தாலும் அந்த மை குறைவாக இறங்குகிறது என்று பொருள். மெஜந்தா குறைந்தால் முகங்கள் பச்சை பூசும். சியான் குறைந்தால் படம் முழுக்கச் செம்மை ஏறும். மஞ்சள் குறைந்தால் ஊதா வாடை அடிக்கும். இதை மென்பொருளில் சரிக்கட்டப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்குச் சமம்.

மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் எளிதில் தெரியாது. செல்போன் திரையில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் அந்த வெளிச்சத்தைத் தாளில் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கருமையாகத் தெரியும்.

கோடு அறுந்திருந்தால் ஹெட் கிளீனிங் (பிரிண்டரே அந்தத் துளைகளைக் கழுவுவது) ஒருமுறை, தேவையானால் இன்னொருமுறை. அதற்குமேல் அடுத்தடுத்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் கணிசமான மையைக் கழிவுப் பஞ்சுக்கு அனுப்புகிறது. பிரிண்டரை அணைத்து ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். காய்ந்த மை இளகிப் பல நேரம் தானாகவே வழிவிடும்.

எதை அச்சிட்டாலும் இருட்டாக வருகிறது. பிரிண்டரில் பிரைட்னஸை ஏற்றலாமா?

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். என்னிடம் வருகிற புகார்களில் மிகுதியானது இதுதான், காரணமும் பெரும்பாலும் இதுவே. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் திரைகள் மிகுந்த வெளிச்சத்தோடு வருகின்றன. முழு வெளிச்சத்தில் சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) சாதாரணம். அச்சுக்காகப் படம் திருத்துபவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரைதான். திரை அவ்வளவு பிரகாசமாக எரியும்போது இருட்டான படம்கூட நல்ல படமாகவே தெரிகிறது. தாளுக்கு வந்ததும் உண்மை வெளிப்படுகிறது.

கருவி இல்லாமல் செய்ய ஒரு வழி: திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் அச்சிடும் அதே தாளைத் திரைக்குப் பக்கத்தில், அறை விளக்கின் வெளிச்சம் படும்படி பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், கண் பழகிவிடும். இப்போது அந்தப் பழைய படத்தைத் திறந்தால் தாளில் கண்ட அதே இருட்டு திரையிலும் தெரியும். திருத்தத்தை அங்கேயே செய்யலாம்.

கூடவே நைட் லைட், நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இவை மாலையானதும் திரையை மஞ்சளாக்குகின்றன, அல்லது அறை வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றுகின்றன. மானிட்டரில் ‘விவிட்’, ‘கேம்’, ‘டைனமிக்’ என்ற பெயர்களில் உள்ளவற்றை விட்டுவிட்டு, ‘எஸ்ஆர்ஜிபி’ என்று இருந்தால் அதையும், இல்லாவிட்டால் 6500 கெல்வின், காமா 2.2 என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

திரையை அளக்கும் கருவி வாங்க வேண்டுமா?

மாதத்துக்கு 2, 3 குடும்பப் படங்கள் என்றால் தேவையில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. படம் எடுத்து விற்பவர்கள், புடவை அல்லது ஓவியத்தின் நிறத்துக்குப் பொறுப்பேற்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். திரைமேல் வைத்து அளக்கும் கருவிகளை ஸ்பைடர், காலிபிரைட் போன்ற பெயர்களில் விற்கிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இவை திரையை மட்டுமே அளக்கும். பிரிண்டரையும் தாளையும் அளக்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற வேறு கருவி வேண்டும், விலையும் பல மடங்கு.

டிரைவரில் தாள் வகையைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு முக்கியமா?

நிற அமைப்புகள் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ‘பிளெயின் பேப்பர்’, ‘மேட்’ (பளபளப்பில்லாதது), ‘கிளாஸி’ (பளபளப்பானது) என்ற அந்தத் தேர்வுதான் எவ்வளவு மை விழ வேண்டும், எந்தக் கருப்பு மை பயன்பட வேண்டும், துளிகள் எப்படிப் பரவ வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்கிறது. சாதாரண 75 ஜிஎஸ்எம் தாளை வைத்துவிட்டு ‘கிளாஸி’ என்று சொன்னால் மை ஊறிப் பின்பக்கம்வரை தெரியும். கிளாஸி தாளை வைத்துவிட்டு ‘பிளெயின்’ என்று விட்டுவிட்டால் நிறம் வெளிறும். கருப்பு, பிக்மென்ட் (நுண்துகள்) மையாக உள்ள மாடல்களில் அது தாளில் பிடிக்காமல் விரலோடு வந்துவிடும்.

வேறு நிறுவனத் தாள் வாங்கினால், பெட்டியிலோ அந்த நிறுவனத்தின் இணையதளத்திலோ எந்த வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால், அதே பளபளப்பும் ஏறக்குறைய அதே தடிமனும் உள்ள வகையில் ஒரு துண்டு, அதற்கு அடுத்த வகையில் ஒரு துண்டு அச்சிட்டு ஒப்பிடுங்கள். சாதாரணத் தாளில் சோதனை பார்த்துவிட்டு நல்ல தாளில் இறுதிப் பிரதி எடுப்பது பயனற்ற வேலை. இரண்டிலும் நிறம் ஒன்றாக வரவே வராது.

‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’, ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’: எதைத் தேர்ந்தெடுப்பது?

எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். என் 16 தாள்களில் பாதி இந்தத் தவறால்தான் போயின.

படத்தின் நிறத்தைத் தாளுக்கேற்றபடி மாற்றும் வேலையை யாராவது ஒருவர் செய்ய வேண்டும். மென்பொருள் செய்தால் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். டிரைவர் செய்தால் மென்பொருள் படத்தை உள்ளபடியே கொடுத்துவிட வேண்டும். இருவரும் செய்தால் ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை: முகம் சிவந்து, நிழல் கருகி, எல்லா நிறமும் தூக்கலாக வரும். இருவருமே செய்யாவிட்டால் படம் வெளிறிச் சப்பென்று இருக்கும். பிரிண்டைப் பார்த்தே எது நடந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மென்பொருளிடம் கொடுக்கும் வழி: அச்சிடும் பெட்டியில் மென்பொருளே நிறத்தைக் கவனிக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய ப்ரொஃபைலை (எந்த நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு, அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) பட்டியலில் எடுங்கள். பிறகு பிரிண்டர் செட்டிங்ஸுக்குள் போய் டிரைவரின் நிறத் திருத்தத்தை அணையுங்கள். எப்சனில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற சொற்களைத் தேடுங்கள். கேனனில் நிறத்தை ‘மேனுவல்’ ஆக்கி, ‘மேட்சிங்’ என்ற இடத்தில் ‘நன்’. ஹெச்பியில் ‘அப்ளிகேஷன் மேனேஜ்டு கலர்ஸ்’. மாடலுக்கு மாடல் இடம் மாறும், பெயர் ஏறக்குறைய இதுதான். மேக்கில் மென்பொருளிடம் கொடுத்ததும் டிரைவரின் தேர்வு பல நேரம் தானே மங்கிவிடும். அங்கே குழப்பம் குறைவு.

உங்கள் தாளுக்குப் ப்ரொஃபைல் இல்லையென்றால், அல்லது இந்தப் பட்டியல்களைக் கண்டாலே தலை சுற்றுகிறது என்றால், பிரிண்டரிடமே கொடுத்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் சொந்த மை, சொந்தத் தாள், சரியான தாள் வகை மூன்றும் சேர்ந்தால் டிரைவரே மிக நன்றாகச் செய்துவிடும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஐசிசி ப்ரொஃபைல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு குறிப்பிட்ட பிரிண்டர், ஒரு குறிப்பிட்ட மை, ஒரு குறிப்பிட்ட தாள் மூன்றும் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் விழும் என்று அளந்து எழுதிய கோப்பு. 1993இல் 8 நிறுவனங்கள் கூடி அமைத்த சர்வதேச நிறக் கூட்டமைப்பின் பொது வடிவம் இது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் பிரிண்டரைப் புரிந்துகொள்கிறது.

பிரிண்டரின் முழு டிரைவரை நிறுவும்போது அந்த நிறுவனத்துத் தாள்களுக்கான ப்ரொஃபைல்களும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். மற்ற தாள்களுக்கு அந்தத் தாள் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், உங்கள் மாடல் பட்டியலில் இருந்தால். விண்டோஸில் அந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ப்ரொஃபைல்’ கொடுத்தால் போதும். மூன்றில் ஒன்று மாறினாலும் ப்ரொஃபைல் பொய் சொல்லத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படத்தை எஸ்ஆர்ஜிபியில் வைப்பதா, அடோபி ஆர்ஜிபியிலா? சிஎம்ஒய்கேவுக்கு மாற்ற வேண்டுமா?

சிஎம்ஒய்கே (படத்தைச் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மை அளவுகளாக எழுதுவது) வேண்டாம். பிரிண்டரில் நாலு மை இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் வீட்டுப் பிரிண்டரின் டிரைவர் சிவப்பு, பச்சை, நீல எண்களான ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கிறது. நீங்கள் சிஎம்ஒய்கேயில் கொடுத்தால் அது மறுபடி ஆர்ஜிபியாகி, பிறகு மீண்டும் மையாகப் பிரியும். சிஎம்ஒய்கே ஆஃப்செட் அச்சகத்துக்குரியது.

எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி இரண்டும் நிறவெளிகள், அதாவது எந்தெந்த நிறங்கள் அடங்கும் என்ற எல்லைகள். எஸ்ஆர்ஜிபி 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது. அடோபி ஆர்ஜிபி 1998இல் வந்தது. பச்சையிலும் சியானிலும் இன்னும் விரிந்த இடம் உடையது. ப்ரொஃபைல் வைத்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு அடோபி ஆர்ஜிபி பயன் தரும். மற்றவர்கள் எஸ்ஆர்ஜிபியிலேயே இருங்கள். அடோபி ஆர்ஜிபி படத்தை, நிறவெளிகளைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு மென்பொருள் வழியாக அச்சிட்டால் எல்லாம் சாயம் போன துணிபோல வரும்.

ரெண்டரிங் இன்டென்ட்டில் எது?

பிரிண்டருக்கு எட்டாத நிறங்களை என்ன செய்வது என்று சொல்லும் தேர்வு இது. ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’, கூடவே ‘பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன்’ (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்துவது) டிக். முகங்கள் உள்ள படங்களுக்கு இது பொருந்தும். பிரிண்டருக்கு எட்டாத நிறங்கள் நிறைய உள்ள படமென்றால் ‘பெர்செப்சுவல்’; எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, ஒன்றுக்கொன்று உள்ள உறவைக் காப்பாற்றும். பட்டியலில் உள்ள மற்ற இரண்டையும் படங்களுக்குத் தொட வேண்டியதில்லை.

நீலப் புடவை கத்திரிப்பூ நிறத்தில் வருகிறது. என்ன செய்வது?

எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் புகழ்பெற்ற ‘எம்.எஸ். ப்ளூ’ போன்ற ஆழ்ந்த நீலங்கள் எந்த வீட்டுப் பிரிண்டருக்கும் பரீட்சைதான். பிரிண்டரில் நீல மை இல்லை. சியானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம் பிறக்க வேண்டும். நிறம் எட்டாத தூரத்தில் இருக்கும்போது அந்தக் கலவை மெஜந்தா பக்கம் சாய்ந்துவிடுகிறது; கத்திரிப்பூ நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

இதை முன்கூட்டியே பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் ‘சாஃப்ட் புரூஃப்’ என்ற வசதி இருக்கிறது. உங்கள் தாளின் ப்ரொஃபைலைக் கொடுத்தால், அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நீலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஹியூவை (நிறச் சாயல்) சில புள்ளிகள் சியான் பக்கம் தள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் அது மைனஸ் பக்கம். சாச்சுரேஷனையும் (நிறச் செறிவு) கொஞ்சம் குறையுங்கள். திரையில் நீலம் சற்றே அடங்கித் தெரியும். தாளில் அதுதான் நீலமாக நிற்கும்.

பட்டுக்கு இன்னும் சில தொல்லைகள் உண்டு. கனமான சிவப்பும் அரக்கும் அளவுக்குமேல் தூக்கலாக இருந்தால் மடிப்புகள் மறைந்து ஒரே அப்பலாக விழும். சிவப்பின் சாச்சுரேஷனை 10 புள்ளி இறக்கினால் மடிப்பு திரும்பி வரும். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசையும்போது மாறும் அந்த அழகைத் தாள் எந்தக் காலத்திலும் காட்டாது. எந்தக் கோணத்தில் எடுத்தீர்களோ அந்த ஒரு நிறம்தான் கிடைக்கும். ஜரிகையும் அப்படியே. தங்க மை நம்மிடம் இல்லை. வெளிர்மஞ்சள் பொட்டுகளுக்குப் பக்கத்தில் பழுப்பு நிழல் ஆழமாக இருந்தால் கண் அதைத் தங்கமென்று எடுத்துக்கொள்ளும். ஜரிகை உள்ள இடத்தில் கான்ட்ராஸ்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முகங்களின் நிறம் சரியாக வரவே மாட்டேன் என்கிறது.

நான் மிகுந்த அக்கறையோடு பதில் சொல்லும் கேள்வி இது. புடவையின் நிறம் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் தெரியாது. அம்மாவின் முகம் பிசகினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் டிரைவரில் ‘போட்டோ என்ஹான்ஸ்’, ‘ஆட்டோ போட்டோ ஃபிக்ஸ்’ போன்ற பெயருள்ள தானியங்கித் திருத்தங்களை அணையுங்கள். படத்தில் முகத்தைத் தேடிப்பிடித்து, அது இருட்டாக இருப்பதாகக் கருதினால் வெளிச்சம் ஏற்றுகிற வகை அவற்றில் உண்டு. மாநிறமும் கருப்பும் அந்தக் கணக்கில் குறையாகிப்போகின்றன. ஒருவரின் நிறம் திருத்தப்பட வேண்டிய பிழை இல்லை. மாநிறம் மாநிறமாகவே வர வேண்டும். கருத்த முகம் அதன் பளபளப்போடும் ஆழத்தோடும் வர வேண்டும்.

அடுத்து, மென்பொருளின் ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிற எண்களைக் காட்டும் கருவி) கன்னத்தையும் நெற்றியையும் தொட்டு எண்களைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எந்த நிறத் தோலாக இருந்தாலும் சிவப்பு எண் பெரிது, பச்சை நடுவில், நீலம் சிறிது. பச்சை எண்ணும் சிவப்பு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் முகம் பச்சை பூசும். நீல எண் பச்சையைத் தாண்டினால் முகம் ஊதா பூசும். மஞ்சள் தேய்த்துக் குளித்த முகத்தில் நீல எண் இன்னும் கீழே போவது இயல்பு; அதைத் திருத்த வேண்டாம்.

கருத்த முகங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிழல் பகுதிகள் தாளில் திரையைவிட வேகமாகக் கருமைக்குள் விழுந்துவிடுகின்றன. படம் முழுக்க பிரைட்னஸை ஏற்றினால் சுவரும் வேட்டியும் வெளிறிப்போகும். கர்வ்ஸ் என்ற வளைகோட்டில், இருண்ட பகுதிகளுக்குரிய கீழ்ப்பக்கக் கால்பங்கை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். கண்ணைச் சுற்றியும் தாடையின் கீழும் உருவம் திரும்ப வருகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் முகம் சாம்பல் பூசிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வாடை தங்கினால் எதிர் நிறத்தைச் சிறிது கூட்டுங்கள். சிவப்புக்கு எதிர் சியான், பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள். டிரைவரில் இந்தப் பெயர்களிலேயே ஸ்லைடர்கள் இருக்கும். இந்த ஸ்லைடர்களைத் தொட வேண்டிய இடம் இதுதான். இதற்கு முன்பு அல்ல.

தாளை வீணாக்காமல் எப்படிச் சோதிப்பது?

படத்திலிருந்து முகமும் புடவையும் சேர்ந்த ஒரு சிறு பகுதியை வெட்டியெடுங்கள். ஒரு 4×6 தாளில் அது 9 முறை அடங்கும்படி மென்பொருளில் அடுக்குங்கள். நடுவில் உள்ளதைத் தொடாதீர்கள். சுற்றியுள்ள எட்டில் ஆறுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், சியான், மெஜந்தா, மஞ்சள் என ஆளுக்கு 5 புள்ளி கூட்டுங்கள். மீதி இரண்டில் ஒன்றுக்கு வெளிச்சம் கூடுதல், ஒன்றுக்குக் குறைவு. ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். அச்சிட்டதும் எது உண்மைக்கு நெருக்கம் என்று கண் சொல்லிவிடும். ஒரே தாளில் எட்டுச் சோதனை முடிந்தது.

கிளாஸி தாளில் வந்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரம் உள்ளபோது நிறம் சற்று வேறாக இருக்கும். சில மணி நேரமாவது உலரட்டும். முக்கியமான படமென்றால் மறுநாள் பாருங்கள்.

பகலில் சரியாக இருக்கிறது, இரவில் பார்த்தால் மாறுகிறது.

புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் துணியை வாசலுக்கு எடுத்துச்சென்று பார்ப்பதன் காரணமே இதற்கும் காரணம். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். அச்சுத் துறையின் சர்வதேசத் தரத்தில் பிரிண்டைப் பார்ப்பதற்கென்றே ‘டி50’ என்ற ஒளி வரையறுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் அதற்கு இணையாக, நேர் வெயில் படாத ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சம் போதும். இரவில் பார்ப்பதென்றால், பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்ட எல்இடி விளக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் மாட்டப்போகும் இடத்தையும் யோசியுங்கள். பூஜையறையின் மஞ்சள் விளக்கின் கீழ் மாட்டுவதாக இருந்தால் இறுதிச் சோதனையை அங்கே பிடித்துப் பார்க்க வேண்டும். நான் அப்பா அம்மா படத்துக்கு அப்படித்தான் செய்தேன். மங்கலான விளக்கு என்பதால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது.

சில தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலச்சாயலோடு ஒளிரும். எல்இடி விளக்கில் ஒளிராது. அதனால் தாளின் வெள்ளையே இடத்துக்கு இடம் மாறும்.

கருப்பு வெள்ளைப் படத்தில் பச்சை அல்லது ஊதா வாடை ஏன்?

சாம்பல் நிறத்தைப் பல பிரிண்டர்கள் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தே உண்டாக்குகின்றன. மூன்றில் ஒன்று துளி கூடினாலும் சாம்பல் சாய்ந்துவிடும். கண் இதை உடனே கண்டுபிடித்துவிடும். டிரைவரில் ‘கிரேஸ்கேல்’ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கருப்பு மை அதிகம் பயன்பட்டு வாடை குறையலாம், ஆனால் வெளிர்ப் பகுதிகளில் பொடிப்பொடியாகத் துளிகள் தெரியக்கூடும். மேட் தாளில் இது அவ்வளவாகத் தெரியாது. தாத்தா பாட்டி காலத்துப் படங்களுக்கு எனக்குப் பிடித்த வழி வேறு: மெல்லிய பழுப்புச் சாயலை வேண்டுமென்றே ஏற்றிவிடுவது. சிறு பிசகுகள் அதற்குள் மறைந்துவிடும், படத்துக்கும் பொருந்தும்.

குறைந்த விலையில் கிடைக்கும் வேறு மை ஊற்றலாமா?

பாடப் பயிற்சித் தாள்களுக்கு ஊற்றலாம். நிறம் முக்கியமென்றால் பிரிண்டரின் சொந்த மையே வேண்டும். டிரைவரின் கணக்குகள், ப்ரொஃபைல்கள் எல்லாமே அந்த மையை அளந்து எழுதியவை. மாற்று மையைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் அந்த மைக்கும் உங்கள் தாளுக்கும் தனியாகப் ப்ரொஃபைல் செய்துகொள்ள வேண்டும். பழைய மை பாதி, புதிய மை பாதி கலந்த டேங்கில் எந்த அளவும் நிலைக்காது. மங்கும் வேகமும் மைக்கு மை மாறும். சாய மையில் (நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் ‘டை’ மை) அச்சிட்ட படத்தை ஒளியும் காற்றில் உள்ள ஓசோனும் அரிக்கும் என்பதால் கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள்.

செல்போனிலிருந்து நேராக அச்சிடலாமா?

அச்சிடலாம். தாள் வகையும் தரமும் தவிர அங்கே நம் கைக்கு எட்டுவது குறைவு, எனவே முக்கியமான படத்துக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டது; அனுப்புகிறவரிடம் அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2016இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன் படங்கள் எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த ‘டிஸ்பிளே பி3’ நிறவெளியில் இருக்கின்றன. கணினிக்குக் கொண்டுவந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அச்சிட்டால் மங்கல் ஏற்படாது.

வேர்டில் படத்தை ஒட்டி அச்சிட்டால்?

நிறத்தைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படாது. எல்லாவற்றையும் டிரைவர்தான் பார்த்துக்கொள்ளும். படத்தை எஸ்ஆர்ஜிபியாக்கிய பின் ஒட்டுங்கள், அது போதும்.

ஒருமுறை சரிசெய்தால் எப்போதும் அப்படியே இருக்குமா?

சில மாதங்கள் இருக்கும். நல்ல பிரிண்ட் வந்த அன்றைக்கே அந்த அமைப்புகளை டிரைவரில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். ‘கிளாஸி குடும்பப் படம்’ என்பதுபோல, பெயரிலேயே தாள் இருக்கட்டும். அந்தப் பிரிண்டின் பின்பக்கத்தில் தேதி, தாள், திரையின் வெளிச்ச எண், டிரைவர் அமைப்பு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி, வெளிச்சம் படாத ஓர் உறையில் போட்டு வையுங்கள். மை பாட்டில் மாற்றியபோதும், புதிய தாள் கட்டு வாங்கியபோதும், கணினி டிரைவரைப் புதுப்பித்தபோதும் அதே சிறு படத்தை மீண்டும் அச்சிட்டு, உறையில் உள்ளதோடு ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுப்பித்த டிரைவர் நீங்கள் அணைத்து வைத்த நிறத் திருத்தத்தைச் சத்தமில்லாமல் மறுபடி போட்டுவிடுவதுண்டு. மற்ற எதையும் தேடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை எல்லா மையும் கலந்த ஒரு பக்கத்தையாவது அச்சிடுங்கள். கோடையில் 3 வாரம் சும்மா கிடந்த பிரிண்டரில் முதலில் காய்வது எந்த மை என்று சொல்ல முடியாது. என்னுடையதில் ஒவ்வொரு மே மாதமும் மெஜந்தாதான்.